டீக்கடைப் பாட்டும் காதுக்குள் ஓடும் பேருந்தும்

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நாற்கரச் சாலையோரம் கரிசல் கிராமம் மாதிரியே ஓட்டல் தொடங்குகிறோம். ஓலைக்கூரை, மண் குவளை, கம்பங்கூழ் எல்லாம் தயார். என்ன பாட்டுப் போட்டால் ஆட்கள் உட்கார்ந்து பேசிச் சாப்பிடுவார்கள்?”

இதற்கு விடை விற்கவே நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்கொயர் 1934-லேயே ‘மியூசாக்’ என்று பெயர் வைத்துக் கம்பி வழியாகப் பின்னணி இசை விற்றார். வரலாறு இவ்வளவு போதும்.

விற்பவர்கள் தவறாமல் காட்டும் சான்று, ஏட்ரியன் நார்த் குழு 1997-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு. இங்கிலாந்துக் கடையொன்றில் பிரெஞ்சு இசை ஒலித்தபோது பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை ஒலித்தபோது ஜெர்மன் ஒயினும் அதிகம் போயின. அருமையான ஆய்வுதான். ஆனால் விற்றது நூறு பாட்டில்கூட இல்லை. அதை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

எந்தப் பாட்டு என்பதைவிட, அதிலுள்ள ‘பேஸ்’ என்னும் தாழ்ந்த ஒலி காதுக்குள் செய்யும் வேலைதான் என்னை மயக்குகிறது. உட்காதின் நத்தைக்கூட்டுக்குள் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு. அதைத் தூத்துக்குடி–மதுரை சாலை என்று வையுங்கள். ஒலி ஏறுவது தூத்துக்குடியில். ‘ச’, ‘த’ போன்ற மெய்களின் கீச்சொலி குறுக்குச்சாலையிலேயே இறங்கிவிடும். உயிரெழுத்துகளின் ஒலி எட்டயபுரம் தாண்டி இறங்கும். டிரம்மின் ‘தும் தும்’ மதுரை வரை டிக்கெட் எடுத்தது. வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் உலுக்கிவிட்டுத்தான் போகும். மெதுவாகப் போனால் புழுதி கொஞ்சம்தான். சத்தத்தைக் கூட்டினாலோ குறுக்குச்சாலையில் நிற்பவர் முகமே தெரியாது. சவ்வின் மீது ஒலி இப்படி அலையாக ஓடுவதைக் கண்டு சொன்ன கேயார்க் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கீச்சொலியால் பேஸை இப்படி மறைக்க முடியாது. அது முதல் நிறுத்தத்தோடு இறங்கிவிடுகிறதே, மதுரையை எப்படித் தொடும்? அதனால்தான் பேஸ் ஏறிய கடையில் ‘சீனி கம்மி’ என்றால் மாஸ்டர் காதில் ‘ஈனி’ விழுகிறது. உயிர் தப்பிவிடும், மெய் போய்விடும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதிலோ மெய்க்குப் பெரிய பங்கு உண்டு.

பேச்சு கேட்காவிட்டால் நாம் தானாகவே குரலை உயர்த்துகிறோம். எத்தியேன் லொம்பார்ட் 1911-ல் சொன்னது இது. ஒரு மேசை கத்தினால் அடுத்த மேசையும் கத்தும்; பாட்டு அமுங்குகிறதே என்று முதலாளி சத்தத்தைக் கூட்டுவார். பிரான்ஸில் நிக்கோலா கெகென் குழு பார்களில் இசையை 72 டெசிபெலிலிருந்து 88-க்கு ஏற்றியபோது, ஒரு கிளாஸ் பீர் தீரும் நேரம் சுமார் பதினான்கரை நிமிடத்திலிருந்து பதினொன்றரையாகக் குறைந்தது. பேச முடியாத வாய் குடித்தது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. பார்த்தது இரண்டே பார்களில், நாற்பது பேரை. ஆகவே இதையும் அளவோடுதான் நம்புகிறேன். குடிக்கவைப்பது பாரின் கணக்கு. உங்கள் கூழுக்கு அது வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்த பாட்டையே போடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்துங்கள். மூலை பேஸைப் பெருக்கும். பேஸ் திருகையும் குறையுங்கள். போன மாதம் உங்கள் ஊர்ச் சாலையில் ஒரு டீக்கடையில் கேட்டுப் பார்த்தேன். மாஸ்டர் மறுக்காமல் திருகைப் பாதிக்குக் குறைத்தார். பாட்டு அதேதான். பின்பெஞ்சில் ஒருவர் உளுந்து விலை சொல்லிக்கொண்டிருந்தது, ரூபாய் சுத்தமாகக் கேட்டது.