வேலைநிறுத்தமும் பதிலி அணியும்: ஈடன் கார்டன்ஸில் மறந்துபோன தகராறு

புது தில்லி: கொல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட், தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம். வாழையிலையும் பூச்சரமும் பில்டர் காபியும் கிடைக்கும் அப்பகுதியிலிருந்து காளிகாட் நிலையத்துக்கு வந்து மெட்ரோ ரயில் ஏறினால், எஸ்பிளனேடில் இறங்கி ஈடன் கார்டன்ஸ் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த மைதானத்தில்தான் 2014 நவம்பர் 13 அன்று ரோஹித் சர்மா 173 பந்துகளில் 264 ரன்கள் குவித்தார். ஆடவர் சர்வதேச ஒருநாள் போட்டிகளில் தனியொருவர் எடுத்த அதிகபட்ச ரன் இன்றளவும் அதுவே. ஆனால், அந்த ஆட்டமே ஒரு தொழில் தகராறின் விளைவாக நடந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

கொல்கத்தாவில் முதலில் நடைபெறவிருந்தது மேற்கிந்தியத் தீவுகள் அணியுடனான ஐந்தாவது ஒருநாள் ஆட்டம். நாள், அக்டோபர் 20. அதற்கு மூன்று நாள்களுக்கு முன்பு, தர்மசாலாவில் நான்காவது ஆட்டம் முடிந்த கையோடு அந்த அணி சுற்றுப்பயணத்தைக் கைவிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் வழியாகத் தமிழக ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமான டுவைன் பிராவோதான் அப்போது அணித் தலைவர். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன்பே வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்திருந்தனர்.

இந்தத் தகராறில் விந்தையான அம்சம் ஒன்று உண்டு. வீரர்கள் கொதித்தெழுந்தது வாரியத்தின் மீது மட்டுமல்ல, தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதும்தான். 2014 செப்டம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் வாரியமும், வேவல் ஹைண்ட்ஸ் தலைமையிலான வீரர் சங்கமும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களைக் கலந்துகொள்ளாமலேயே அது முடிவாகிவிட்டது என்றும், தங்கள் வருமானம் பெருமளவில் வெட்டப்படுகிறது என்றும் பிராவோ தரப்பு முறையிட்டது. மறுதரப்புக்கும் நியாயம் இருந்தது. சர்வதேச வீரர்களுக்குச் சென்றுகொண்டிருந்த விளம்பரப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, ஆறு உள்நாட்டு அணிகளில் அணிக்கு 15 பேர் வீதம் 90 பேருக்கு நிரந்தர ஊதியம் வழங்குவதே திட்டம். மேல்தட்டு ஊழியரின் படியைக் குறைத்துக் கடைநிலை ஊழியருக்குக் கொடுப்பது போன்றது இது. நோக்கம் நல்லதே, ஆயினும், யாருடைய ஊதியம் குறைகிறதோ அவர்களிடம் கேளாமலே கையெழுத்திடும் சங்கத்தைத் தொழிலாளர் நடுவே எவரும் மதிப்பதில்லை.

இந்திய வாரியம் காத்திருக்கவில்லை. நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு, விளம்பரம் என எல்லாம் விலைபோயிருந்த நிலையில், உடனடியாக இலங்கை அணியை அழைத்தது. பிராவோ அணி வெளியேறிய பதினாறாம் நாள், நவம்பர் 2 அன்று, கட்டக்கில் முதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. கணுக்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த மலிங்கா இல்லாமல், போதிய ஆயத்தமும் இல்லாமல் அவசரமாகத் திரட்டப்பட்ட அந்த அணி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. கொல்கத்தாவில் மட்டும் தோல்வி 153 ரன்களில். (ஐந்தில் ஓர் ஆட்டம்கூடச் சென்னைக்கு ஒதுக்கப்படவில்லை. முந்தைய ஆண்டு ஐபிஎல் போட்டியில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாமற்போனதைத் தமிழக வாசகர்கள் அறிவர்.)

இலங்கை வீரர்களைக் கருங்காலிகள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் வேறொரு நாட்டின் அணி. வேலைநிறுத்தம் செய்தவர்களின் இடத்தில் அவர்களுடைய முதலாளி அமர்த்திய ஆள்கள் அல்லர். ஆயினும் காலியான இருக்கை நிரம்பியதும் போராடியவர்களின் பேரம் பேசும் வலிமை வடிந்தது. இந்திய வாரியம் 4 கோடியே 19 லட்சத்து 70 ஆயிரம் டாலர் இழப்பீடு கேட்டது. 2015 உலகக் கோப்பை அணியில் பிராவோவுக்கும் பொல்லார்டுக்கும் இடமில்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் தலைவரானார்.

உண்மையான பதிலி அணியைக் காண வேண்டுமெனில் 2009-க்குப் போக வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் வங்கதேசத்துடனான டெஸ்ட் தொடருக்கு முன்பு மேற்கிந்திய முன்னணி வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வாரியம் பிளாய்ட் ரீஃபர் தலைமையில் வேறோர் அணியைத் திரட்டியது. முதல் டெஸ்டில் ஏழு பேர் அறிமுக வீரர்கள். வங்கதேசம் இரண்டு டெஸ்டிலும் வென்று, அயல்மண்ணில் தனது முதல் தொடர் வெற்றியைப் பெற்றது.

பதிலி என்ற சொல் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளிலும், கோவை, மதுரைப் பஞ்சாலைகளிலும் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவரது இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அதுவே பெயர். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே இச்சொல்லுக்கு விளக்கம் தந்திருந்தது. சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தத்தின்போது புதிதாக ஆள் எடுப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் அறிவித்தது.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் கதை தலைகீழ். 2011 ஜூலை 1 முதல் டிசம்பர் 8 வரை தேசியக் கூடைப்பந்துக் கழக உரிமையாளர்கள் நடத்தியது கதவடைப்பு. டெரன் வில்லியம்ஸ் போன்றவர்கள் துருக்கிக்குப் போய் ஆடினர். வருவாயில் வீரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த பிறகே உடன்பாடு ஏற்பட்டது. டிசம்பர் 9 அன்று பயிற்சி முகாமும், ஒப்பந்தம் இல்லாத வீரர்களை அமர்த்தும் படலமும் ஒரே நாளில் தொடங்கின. முதல் ஆட்டம் டிசம்பர் 25. பல அணிகள் ஆள் போதாமல் இரண்டு வாரங்களில் பட்டியலை நிரப்பிக்கொண்டன. 82 ஆட்டங்கள் 66 ஆகச் சுருங்கின. பேஸ்பாலில் 1995-இல் பதிலி வீரர்களைக் கொண்டே பருவத்தைத் தொடங்க உரிமையாளர்கள் முயன்றனர். பழைய நிபந்தனைகளையே தொடருமாறு நீதிபதி சோனியா சோட்டோமேயர் பிறப்பித்த தடையுத்தரவால் அம்முயற்சி நின்றுபோனது.

இந்தியாவில் அத்தகைய உத்தரவைக் கேட்டு ஒரு வீரர் நீதிமன்றம் போக இயலுமா? ரயில்வே அல்லது வங்கி அணியில் ஆடும் கூடைப்பந்து வீரர் அந்நிறுவனத்தின் ஊழியர் என்பதால் அவருக்கு ஓரளவு பிடிமானம் உண்டு. கிரிக்கெட்டில் 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமே. கால்பந்தில் 2006 முதல் ஒரு வீரர் சங்கம் இயங்கி வருகிறது. அதன் முதல் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, எந்த வேலைநிறுத்தத்துக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. 'தொழிலாளி' என்பதன் விளக்கத்தில் பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் அது பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. விளையாட்டு வீரரின் பெயர் அதில் இல்லை.