தடம் புரண்டாலும் ஓடும் டாம் ரயில்!

2023 மே மாதம். நியூயார்க் மாநிலம், ரோசெஸ்டர் நகரம், ஓக் ஹில் மைதானம். கோல்ஃப் உலகின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் முதல் நாள். ஓடைக்குள் ஓர் இளைஞர் நிற்கிறார். கால்சட்டையை மேலே சுருட்டிவிட்டு, உடம்பெல்லாம் அப்பிய சேற்றைத் தண்ணீர் அள்ளி அள்ளிக் கழுவுகிறார். கழுவக் கழுவச் சேறு வந்துகொண்டே இருக்கிறது!

யாரோ பார்வையாளர் தவறி விழுந்துவிட்டார் என்று நினைத்தால், ஏமாந்தீர்கள். அவர் போட்டியில் ஆடிக்கொண்டிருப்பவர். அப்போதே அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் இரண்டு பட்டங்களைப் பையில் போட்டவர். வயது வெறும் 20. ஆறாவது குழியில் அவர் அடித்த பந்து ஓடையோரச் சதுப்புக்குள் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் எட்டி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அபராத அடியை ஏற்றுக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். இவர் நேராக உள்ளே இறங்கிவிட்டார். மண் உள்ளே இழுத்துக்கொண்டது. பந்துக்குப் பதில் சேற்றோடு வெளியே வந்தார். கேமராக்கள் சும்மா இருக்குமா? அன்று மாலைக்குள் அந்தப் படம் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

அவர்தான் டாம் கிம். தென் கொரியாவின் கோல்ஃப் செல்லப்பிள்ளை. வாருங்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்!

பெயருக்குப் பின்னால் ஒரு நீல ரயில்

முதல் ரகசியம்: அவர் பெயர் டாமே இல்லை. பெற்றோர் வைத்த பெயர் கிம் ஜூ ஹியங். 2002 ஜூன் 21 அன்று சோல் நகரில் பிறந்தவர். அப்படியென்றால் டாம்? குழந்தைகள் தொலைக்காட்சியில் ஒரு நீல நிற ரயில் எஞ்சின் வருமே, முகத்தோடு, சிரித்துக்கொண்டு, 'தாமஸ்' என்று... அதேதான்! சின்ன வயதில் ஜூ ஹியங்குக்கு அந்த ரயில் மேல் அப்படியொரு பைத்தியம். பொம்மையும் தாமஸ், சாப்பாட்டு டப்பாவும் தாமஸ். கடைசியில் தன்னையே தாமஸ் என்று அறிவித்துவிட்டார். தாமஸ் சுருங்கி டாம் ஆனது. இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய மைதானங்களில் ஒலிபெருக்கி அறிவிக்கும் பெயர், ஒரு சிறுவனின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வந்தது. நம்புங்கள்!

ரயில் பெயர் வைத்துக்கொண்டாரே, ஒரே ஊரில் நின்றாரா என்றால் அதுவும் இல்லை. அப்பா கோல்ஃப் பயிற்றுநர். அவருக்கு எங்கே வேலையோ அங்கே குடும்பமும் மூட்டை கட்டியது. ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று ஊர் ஊராக வளர்ந்தவர் டாம். கொரிய மொழி வீட்டில். ஆங்கிலமோ அருவி மாதிரி கொட்டும். நடுவே கொஞ்சம் தகலோக்கும் எட்டிப் பார்க்கும். பேட்டி எடுக்க வரும் அமெரிக்க நிருபர்கள் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்குள் இவர் இரண்டு ஜோக் அடித்து முடித்திருப்பார்.

பால் மணம் மாறாத பழைய கை

கேமராவுக்கு முன்னால் குழந்தை. சரி, பின்னால்? 15 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்! நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குக் கண்விழிக்கும் வயதில், டாம் ஆசியா முழுக்கப் பயணம் செய்து பிழைப்புக்காக கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் போட்டிகள், பிறகு ஆசிய டூருக்கு ஒரு படி கீழே இருக்கும் வளர்ச்சித் தொடர். ஜெயித்தால் சாப்பாடு, தோற்றால் அடுத்த ஊர்.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆசிய டூரில் அவர் தூக்கிய முதல் கோப்பை எங்கே தெரியுமா? இந்தியாவில்! 2019 நவம்பரில், ஹரியானாவின் கிளாசிக் கோல்ஃப் மைதானத்தில் நடந்த பானசோனிக் ஓப்பன் இந்தியா. தில்லி வட்டாரமே புகைமூட்டத்தில் இருமிக்கொண்டிருந்த மாதம் அது. அந்தக் காற்றில் வந்து ஆடி, 17 வயதில் பட்டம் வென்று போனார் பொடியன்.

அடுத்த ஆண்டு தாய்நாடு திரும்பினார். 2020 ஜூலையில் குன்சான் சிசி ஓப்பன். 18 வயது 21 நாள். கொரிய ஆண்கள் டூரில் வென்ற மிக இளைய தொழில்முறை வீரர் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 2022 ஜனவரியில் சிங்கப்பூரிலும் ஒரு கோப்பை. பிறகுதான் அமெரிக்கா. ஆக, அமெரிக்கர்கள் 'யாரப்பா இந்தப் புதுப் பையன்?' என்று கேட்டபோது, புதுப் பையனுக்கு நாலைந்து வருட அனுபவம் இருந்தது. அந்தக் குழந்தைச் சிரிப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

எட்டில் தொடங்கி 61இல் முடிந்த வாரம்

இப்போது வருகிறது மொத்தக் கதையிலும் அதிகம் சிரிக்க வைக்கும் காட்சி. 2022 ஆகஸ்ட், வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ, விண்டம் சாம்பியன்ஷிப். டாம் அப்போது பிஜிஏ டூரின் முழு உறுப்பினர்கூட இல்லை. தற்காலிக அனுமதியில் ஆடுகிறார். வியாழக்கிழமை, முதல் குழி. நாலு அடியில் முடிக்க வேண்டிய இடம். டாம் எடுத்துக்கொண்டது எட்டு! குறித்த அடிக்கு மேல் ஒன்று கூடினால் போகி; இது கோல்ஃப் மொழியில் நான்கு மடங்கு போகி. முதல் ஓவரிலேயே நாலு விக்கெட்டைப் பறிகொடுத்த அணியின் நிலைமை.

பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அந்த நிமிடமே மனசு விமான நிலையத்துக்குப் போய்விடும். டாமோ மிச்சமிருந்த 17 குழிகளில் ஏழு அடிகளைக் குறைத்து, அன்றைய சுற்றை 67இல் முடித்தார். அந்த மைதானத்துக்குப் பார், அதாவது ஒரு சுற்றுக்குக் குறித்த அடிகள், 70. எட்டு அடித்த பிறகும் பாருக்கு மூன்று குறைவு! அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை முதல் ஒன்பது குழிகளை வெறும் 27 அடிகளில் முடித்தார். மொத்தச் சுற்று 61. ஐந்து அடி வித்தியாசத்தில் வெற்றி!

20 வயது ஒரு மாதம் 17 நாளில் பட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிஜிஏ டூரில் அவரை விட இளவயதில் வென்றவர் ஜோர்டான் ஸ்பீத் மட்டும்தான். 2000க்குப் பிறகு பிறந்தவர்களில் அங்கே முதல் கோப்பையும் டாமுக்கே. தற்காலிக அனுமதிச்சீட்டு ஒரே வாரத்தில் நிரந்தரமானது. அந்தக் காலகட்டத்தில் அவர் பையைத் தூக்கியவர் ஜோ ஸ்கோவ்ரன், கோல்ஃப் வீரர் ரிக்கி ஃபௌலரிடம் பல்லாண்டு கேடியாக இருந்தவர். பொடியனுக்குப் பக்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள்!

டாமின் வித்தை எங்கே இருக்கிறது என்பதை அந்த வாரமே காட்டிவிட்டது. அவரை விடத் தூரமாக அடிப்பவர்கள் நிறைய. முந்தின அடியை அவ்வளவு சீக்கிரம் மறப்பவர்கள்தான் குறைவு. சேற்றுக்குள் யோசிக்காமல் இறங்க வைப்பதும், எட்டு அடித்த பிறகு சிரித்துக்கொண்டே அடுத்த குழிக்கு நடக்க வைப்பதும் அதே குணம்தான்.

தொப்பி பறந்த சாயங்காலம்

அடுத்த மாதமே சார்லட் நகரின் குவெயில் ஹாலோவில் பிரெசிடென்ட்ஸ் கோப்பை. அமெரிக்க அணிக்கு எதிராக, ஐரோப்பா நீங்கலான மற்ற நாடுகளின் கூட்டணி. சர்வதேச அணியில் நான்கு கொரியர்கள்! துணைத் தலைவர்களில் ஒருவராக, கொரியாவுக்கு முதல் பிஜிஏ டூர் பட்டம் வாங்கித் தந்த கே.ஜே. சோய். அணியிலேயே மிகச் சின்னவர் நம் டாம்.

சனிக்கிழமை மாலை. டாமும் கிம் சி வூவும் ஒரு பக்கம், பேட்ரிக் காண்ட்லேயும் சாண்டர் ஷாஃபலேயும் மறுபக்கம். கடைசிக் குழி வரை இழுபறி. தொலைவிலிருந்து 2 அயர்னால் அடித்த பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் டாம். பிறகு புட், குழியை நோக்கி மெல்ல உருட்டும் அடி. பந்து குழியை நெருங்கும்போதே ஓட ஆரம்பித்துவிட்டார்! தொப்பியைக் கழற்றித் தரையில் வீச, சி வூ பாய்ந்து வர, ஒட்டுமொத்த அணியும் அவர் மேல் விழ... கோப்பை என்னவோ 17.5–12.5 என்று அமெரிக்காவுக்குத்தான் போனது. ஆனால் அந்த வாரத்தில் ரசிகர்கள் கொண்டாடிய முகம் டாமுடையது.

போதையில் மிதக்க நேரமில்லை. இரண்டே வாரத்தில் லாஸ் வேகஸின் ஷ்ரைனர்ஸ் போட்டி. 72 குழிகளில் ஒரு போகிகூட இல்லாமல் பட்டம்! 21 வயதுக்குள் இரண்டு பிஜிஏ டூர் பட்டங்கள். டாமுக்கு முன் அதைச் செய்தவர் 1996இல் டைகர் உட்ஸ். டைகரின் முதல் பட்டமும் அதே லாஸ் வேகஸில்தான். 2023 ஏப்ரலில், நான்கு பெரும் போட்டிகளில் இன்னொன்றான மாஸ்டர்ஸில் முதன்முறையாக ஆட ஆகஸ்டா போன டாம் யாரோடு பயிற்சி ஆடினார் தெரியுமா? டைகர், ரோரி மெக்கில்ராய், ஃப்ரெட் கப்பிள்ஸ்! நடுவில் நம் ரயில் பிள்ளை. அதற்கடுத்த மாதம்தான் ஓக் ஹில் சேறு. வாழ்க்கை எப்படியெல்லாம் சமன் செய்கிறது பாருங்கள்.

வாடகை வீடு போட்ட வழுக்கல்

சேறு அவரை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்தின் ராயல் லிவர்பூலில் ஓப்பன் சாம்பியன்ஷிப். முதல் சுற்று 74. வாடிய முகத்தோடு, தங்கியிருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பினார். வெளி முற்றத்தில் சேறு. சர்ரென்று ஒரு வழுக்கல். கணுக்கால் திரும்பி, தசைநாரில் கிழிசல்!

கால் வீங்கிவிட்டது. விலகிவிடலாமா என்றுகூட யோசனை ஓடியது. கடைசியில் நொண்டிக்கொண்டே மைதானத்துக்கு வந்தார். அதன் பிறகு அடித்த சுற்றுகள் 68, 68, 67. மழையில் நனைந்த அந்த ஞாயிறன்று பிரையன் ஹார்மன் ஆறு அடி முன்னிலையில் கோப்பையைத் தூக்க, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் டாமும் ஒருவர். 1976இல் செவே பாயஸ்தெரோஸுக்குப் பிறகு ஓப்பனில் அவ்வளவு இளவயதில் இரண்டாம் இடம் பிடித்தவர் யாருமில்லை. இரண்டு காலும் ஒழுங்காக இருந்தபோது 74, ஒரு காலில் 67. என்ன கணக்கோ இது!

அக்டோபரில் லாஸ் வேகஸ் பட்டத்தைத் தக்கவைத்து மூன்றாவது வெற்றி. உலகத் தரவரிசையில் 11ஆம் இடம் வரை ஏறினார்.

ஒரே நாளில் கேக், ஒரே நாளில் குத்து

டாம் டல்லஸில் குடியேறினார். அங்கே கிடைத்த நண்பர் யார்? ஸ்காட்டி ஷெஃப்லர், உலகின் முதல்நிலை வீரர்! இருவருக்கும் பிறந்தநாளும் ஒன்றே, ஜூன் 21. ஆறு வருட இடைவெளி. 2024இல் அந்தப் பிறந்தநாள் கனெக்டிகட்டில் நடந்த டிராவலர்ஸ் போட்டியின் நடுவில் வந்தது. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் குழியில் நண்பர்கள் இருவரும் கோப்பைக்காக மோதுகிறார்கள். திடீரென்று போராட்டக்காரர்கள் கிரீனுக்குள் ஓடி வந்து வண்ணப்பொடியைத் தூவ, ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கியதும், பேர்டி (குறித்ததை விட ஓர் அடி குறைவு) போட்டால்தான் டைபிரேக்கர் என்ற நிலையில் டாம் போட்டார்! ஆனால் கூடுதலாக ஆடிய முதல் குழியிலேயே பந்து மணல் குழிக்குள் புதைந்துவிட்டது. கோப்பை ஷெஃப்லருக்கு.

அதே ஆண்டு செப்டம்பரில் மான்ட்ரியால் பிரெசிடென்ட்ஸ் கோப்பையில் மறுபடி இருவரும் நேருக்கு நேர். ஏழாவது குழியில் டாம் பேர்டி போட்டு முஷ்டியை உயர்த்திக் குதிக்க, ஷெஃப்லரும் உடனே போட்டுவிட்டு, 'என்ன அது?' என்ற பாவனையில் நண்பனைப் பார்த்துக் கத்தினார். அரங்கம் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி!

மறக்க முடியாத நாட்களும் உண்டு

எல்லாமே சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கொரிய ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம், சுமார் ஒன்றரை வருடம். ஒலிம்பிக்கில் பதக்கம் அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால்தான் விலக்கு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்று இம் சுங் ஜேயும் கிம் சி வூவும் அதை வாங்கிவிட்டார்கள். டாம் அந்த அணியில் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடம். கடைசிக் குழியை முடித்துவிட்டு அழுதார். ராணுவத்துக்காக அழவில்லை, நாட்டுக்காக ஆடியதில் வந்த கண்ணீர் என்று பிறகு சொன்னார்.

அந்த அக்டோபரில் இஞ்சியோனில் நடந்த ஜெனிசிஸ் சாம்பியன்ஷிப்பில், டைபிரேக்கரில் ஆன் பியோங் ஹுன்னிடம் தோற்ற ஆத்திரத்தில் உடைமாற்றும் அறையின் அலமாரிக் கதவு சேதமானது. டாம் மன்னிப்புக் கேட்டார். 2024, 2025 இரண்டு வருடங்களும் பிஜிஏ டூர் பட்டமில்லாமல் போயின. எட்டு அடித்ததை ஒரே நிமிடத்தில் மறந்த மனிதருக்கும், சில தோல்விகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாட்கள் உண்டு என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஆனால் ஆளை முடக்க முடியுமா? 2025இல் புளோரிடாவில், உள்ளரங்கில் ராட்சதத் திரையைப் பார்த்து அடிக்கும் டிஜிஎல் தொடர் தொடங்கியது. டாம் எந்த அணி? டைகர் உட்ஸின் ஜூபிட்டர் லிங்க்ஸ்! பாஸ்டன் அணியைக் கூடுதல் ஆட்டத்தில் வென்ற இரவு, டைகரைக் கட்டிப்பிடித்துக் குதித்தவரைப் பார்த்திருந்தால், யார் சாம்பியன், யார் ரசிகர் என்று குழம்பியிருப்பீர்கள்.

ஆகவே, அடுத்த முறை டிவியில் டாம் கிம் வந்தால், ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள். மோசமான ஓர் அடிக்குப் பிறகு, கேடியிடம் கட்டையைக் கொடுத்துவிட்டு நடக்கிறாரே, அந்த முதல் பத்து அடியில் முகத்தைக் கவனியுங்கள். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டால், எதிராளி கொஞ்சம் பயப்படலாம். அப்படியே பக்கத்தில் ஏதாவது ஓடை இருக்கிறதா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்!