இரவில் கண் இமையை டேப் போட்டு ஒட்டுவது ஏன்?

தோசை மாவுப் பாத்திரத்தின் மூடியைக் கொஞ்சம் விலகலாக வைத்துவிட்டுத் தூங்கிப் பாருங்கள். காலையில் அந்த இடுக்குக்கு நேரே மட்டும் மாவு ஆடை கட்டிக் காய்ந்திருக்கும். சிலருக்குக் கண்ணிலும் இதுதான் நடக்கிறது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைத்து, கருவிழிமேல் கண்ணீரைப் பூசிக்கொண்டே இருக்கிறோம். தூக்கத்தில் இமைப்பதில்லை, கண்ணீர் சுரப்பதும் குறைகிறது. அப்போது ஈரத்தைக் காப்பது மூடிய இமைதான். முகவாதம் வந்தவர்களுக்கும் வேறு சிலருக்கும் அது முழுதாக மூடுவதில்லை. உறக்கத்தில் விழி மேல்நோக்கிச் சுழல்வதால், இடுக்கில் அகப்பட்டுக் காய்வது பெரும்பாலும் கண்ணின் கீழ்ப்பகுதி. கண் விழித்ததுமே எரிச்சலும் மணல் உறுத்தலும் அதிகமாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இடுக்கை அடைத்தால் ஈரம் தங்கும் என்பதே டேப்பின் தர்க்கம். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்ததும் இமைகளை ஒட்டுவது இதற்காகத்தான். அப்படியானால் வீட்டிலும் ஒட்டலாமே என்பீர்கள். ஆனால் அறுவை சிகிச்சையின்போது ஒருவர் பக்கத்திலேயே கவனித்தபடி இருக்கிறார். வீட்டிலோ, டேப்புக்கு அடியில் இமை திறந்துகொண்டால் பசைப்பக்கம் கருவிழியை உரசும்; வறட்சியைவிட மோசமான காயம் அது. ஆகவே முதலில் மருத்துவர் தரும் கண் களிம்பு, முகத்தில் மின்விசிறிக் காற்று நேராகப் படாத படுக்கை. டேப்பை, கண் மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் காட்டிய முறையில் ஒட்டுங்கள்.