மண்ணில் கிடைக்கும் பழைய இரும்பு: வயதைக் கண்டறிவது எப்படி?

குந்தாரப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் மா நடவுக்குக் குழி எடுக்கும்போதும், கிணற்றை ஆழப்படுத்தும்போதும், கோடை உழவில் கொழு ஆழமாக இறங்கும்போதும் சில சமயம் துருப்பிடித்த இரும்புத் துண்டு அகப்படுவது உண்டு. கத்தி போலவோ, ஈட்டி முனை போலவோ, வெறும் கட்டி போலவோ அது இருக்கும். பெரும்பாலும் அது வரப்பில் வீசப்படுகிறது. கொஞ்சம் கனமாக இருந்தால் சந்தைக்குப் போகும் வழியில் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகிறது. கிடைப்பது சில ரூபாய். போவது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த விவசாயியும் அவசரப்பட்டு விற்கமாட்டார்.

மயிலாடும்பாறை தந்த செய்தி

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டாரத்தில் மயிலாடும்பாறை என்னும் இடம் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021-ல் அகழாய்வு நடத்தியது. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழத்தில் கிடைத்த இரண்டு மாதிரிகள் அமெரிக்காவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. மேலே இருந்த மாதிரி கி.மு. 1615-ஐயும், அதற்குக் கீழே இருந்த மாதிரி கி.மு. 2172-ஐயும் காட்டின. அதாவது ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாவட்டத்து மக்கள் இரும்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2022 மே மாதம் சட்டமன்றத்தில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டது.

பின்னர் 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களுடன் இருந்த மாதிரி ஒன்றுக்கு கி.மு. 3345 என்ற காலம் கிடைத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. உலகில் இரும்பு எங்கே முதலில் உருக்கப்பட்டது என்னும் கேள்வியை இந்த முடிவுகள் மீண்டும் கிளப்பிவிட்டன. அறிஞர்களிடையே இதுபற்றிய ஆய்வும் விவாதமும் தொடர்கின்றன.

இங்கே விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மயிலாடும்பாறையில் வயது கணக்கிடப்பட்டது இரும்பை வைத்து அல்ல. இரும்பு இருந்த அதே மண்ணடுக்கில் கிடந்த கரியை வைத்துத்தான். மா நடவுக்குக் குழி எடுப்பது ஒரு மீட்டர் ஆழம். அப்படியானால் ஒவ்வொரு மாங்குழியும் ஏறக்குறைய அந்த அடுக்கின் ஆழத்துக்கே போகிறது என்று அர்த்தம்.

துரு வயதைச் சொல்லாது

‘இவ்வளவு துரு ஏறியிருக்கிறதே, ஆயிரம் வருஷமாவது இருக்கும்’ என்று சொல்வது வழக்கம். இது சரியல்ல. ஈரமும் உப்பும் உள்ள நிலத்தில் சென்ற தலைமுறை வீசிய களைக்கொட்டுகூட முப்பது நாற்பது வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். வறண்ட சரளை மண்ணிலோ, காற்றுப் புகாத கல்லறைக்குள்ளோ கிடந்த வாள் பல நூற்றாண்டு கழித்தும் வடிவம் கெடாமல் வரும். துருவின் கனம் மண்ணின் குணத்தைச் சொல்லுமே தவிர, வயதைச் சொல்லாது.

கரித்துண்டின் கணக்கு

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் கார்பன்-14 என்னும் ஒருவகைக் கரியும் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். மரத்தை வெட்டியதும் புதிய வரவு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் மெள்ள மெள்ளக் குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியும் பாதியாகும். குதிரிலிருந்து தானியத்தை எடுத்துக்கொண்டே இருந்து புதிதாகக் கொட்டாமல் விட்டால், மீதியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்கிடலாம் அல்லவா? அதைப் போன்றதே இது. 4,200 ஆண்டுப் பழைய கரியில் 100 பங்குக்கு ஏறக்குறைய 60 பங்கு கார்பன்-14 மீதி இருக்கும்.

இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் கரியே போதும். ஒரு கேழ்வரகு மணியளவு கரித்துண்டு நாலாயிரம் ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கரி இரும்போடு சேர்ந்து, கலையாத மண்ணில் இருந்திருக்கவேண்டும். மேல்மண்ணோடு கலந்துபோன கரியாலும், போன வருஷம் சருகு எரித்த கரியாலும் பயனில்லை.

சில சமயம் இரும்பையே சோதிக்கவும் வழி உண்டு. பழங்காலக் கொல்லர்கள் மரக்கரியால் உலை மூட்டினார்கள். அந்தக் கரியின் ஒரு பகுதி எஃகுக்குள் சேர்ந்திருக்கும். ஆனால் நிலக்கரியைச் சுட்டுச் செய்த கரியால் உருக்கிய பிற்கால இரும்பில் இந்தச் சோதனை செல்லாது. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது. அதில் கார்பன்-14 மீதி இராது. நேற்றுச் செய்த போல்ட்டும் பல்லாயிரம் ஆண்டுப் பழையது போலக் கணக்குக் காட்டும்.

புதியதை எப்படி ஒதுக்குவது?

கிடைப்பதெல்லாம் பழம்பொருள் அல்ல. ஓசூரிலும் அதைச் சுற்றிலும் தொழிற்சாலைகளும் லேத் பட்டறைகளும் பெருகியபின் இரும்புக் கழிவு குப்பையோடு சேர்ந்து நிலங்களுக்கும் வந்து சேர்கிறது. கீழ்க்கண்ட அடையாளங்கள் இருந்தால் அது சமீப காலத்துப் பொருள் என்று கொள்ளலாம்.

மரை வெட்டிய ஆணி, போல்ட், நட்டு, வெல்டிங் தழும்பு, அச்சிட்ட எழுத்து அல்லது எண், ஒரே சீரான கனமுள்ள தகடு, சுருள் சுருளான லேத் சீவல். உடைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மணல்போலத் தெரிந்தால் அது வார்ப்பு இரும்பு. பெரும்பாலும் கடந்த 200 ஆண்டுக்குள் வந்தது.

இடைக்காலத்துப் பொருள்கள் சிலவும் உண்டு. வண்டிச் சக்கரத்தின் பட்டா, கடையாணி, மாட்டு லாடம், ரிவிட் அடித்த கவலைச் சால் ஆகியவை தாத்தா, பாட்டன் காலத்துக் கருவிகள். ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினால் உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். இவை தொல்லியலுக்கு உதவாவிட்டாலும் வீட்டில் வைத்துக் காக்கத் தக்கவையே.

பழையது என்று ஐயப்படவேண்டிய அடையாளங்கள்

முதலாவது, உடன் கிடக்கும் பானை ஓடு. உட்புறம் கறுப்பாகவும், வெளிப்புறம் சிவப்பாகவும் வழவழப்பாக உள்ள ஓடு இரும்போடு சேர்ந்து வந்தால் அது இரும்புக் காலத்து இடமாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, கற்கள். வட்டமாக நட்ட கற்களும், பலகைக் கற்களால் பெட்டிபோல் அடைத்த அறையும் பழங்கால ஈமச்சின்னங்கள். பல ஊர்களில் இவற்றைப் ‘பாண்டவர் குழி’ என்பார்கள். வாள், கத்தி, ஈட்டி, அம்பு முனை, கோடரி, உளி, அரிவாள் ஆகியவற்றை இறந்தவரோடு வைத்துப் புதைப்பது அக்கால வழக்கம்.

மூன்றாவது, இரும்புக் கிட்டம். கறுத்து, கனமாக, பாகு வழிந்து உறைந்ததுபோலவும் துளைகளோடும் இருக்கும் கட்டி இது. பழைய உலையில் இரும்பு முழுவதும் உருகி ஓடுவதில்லை. கடற்பஞ்சுபோன்ற இரும்புக் கட்டி உலையில் தங்கும். கசடு உருகி வழிந்துவிடும். கட்டியைக் கொல்லர் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடு நீக்கிக் கருவி செய்வார். ஆகவே கிட்டமும், அதனோடு துருத்தி பொருத்திய சுடுமண் குழாயின் துண்டும் கிடைத்தால், அந்த நிலத்தில் ஒரு காலத்தில் உலை எரிந்திருக்கலாம். பழைய இரும்புக் கடையில் கிட்டத்துக்கு விலை இல்லை. ஆய்வாளருக்கோ அது வாளைவிட அதிகம் பேசும்.

உருண்டை கண்டால் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டைப் பகுதிகள் மைசூர்ப் போர்களின் களமாக இருந்தவை. 1791-ல் ஆங்கிலேயர் இராயக்கோட்டையைப் பிடித்தனர். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. ஆகவே இப்பகுதியில் பீரங்கிக் குண்டு கிடைத்தால் வியப்பில்லை. கெட்டியான குண்டால் அபாயம் இல்லை. உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டும் அக்காலத்தில் உண்டு.

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகரா என்னும் ஊரில் நடந்தது நல்ல பாடம். 2002-ல் அங்கே ஒரு பழைய கிணற்றில் 160 அளவில் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் கிடைத்தன. அவை திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகள் என்று தெரிய வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2018-ல் அதே கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. சேறெல்லாம் வெடிமருந்து வாடை அடித்தது. முதலில் கிடைத்தவை எடைக்குப் போயிருந்தால் பின்னால் வந்ததன் அருமையும் தெரிந்திராது.

ஆகவே உருண்டையோ, ஒருபக்கம் அடைத்த குழாயோ கிடைத்தால் சம்மட்டியால் தட்டுவது, அறுப்பது, நெருப்பில் காட்டுவது கூடவே கூடாது. ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் தரவேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பொருள் தெரிந்ததும் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தவேண்டும். மண் அள்ளும் இயந்திரம் ஓடினால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

2. முடிந்தவரை பொருளைப் பிடுங்காமல் இருந்தபடியே விடவேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ கடப்பாரையையோ வைத்துக் கைப்பேசியில் படம் எடுக்கலாம்.

3. சர்வே எண், மேல்மண்ணிலிருந்து ஆழம், தேதி, உடன் இருந்த ஓடு, கரி, எலும்பு ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கவேண்டும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பொருளின் பாதி மதிப்பு போய்விடும்.

4. பொருள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால், ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் அட்டைப் பெட்டியில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துத் துரு கூடும்.

5. மண்ணெண்ணெய், புளி, அமிலம், உப்புத்தாள் எதுவும் போடக்கூடாது. கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சவும் கூடாது. துருவோடு மரப்பிடியின் தடமும், நெல் உமியின் தடமும், துணியின் இழையும் ஒட்டியிருக்கும். சுரண்டினால் அவையும் போய்விடும்.

6. கரித்துண்டு இருந்தால் கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து வெள்ளித் தாளில் தனியே மடித்து வைக்கவேண்டும். பீடி, சிகரெட் சாம்பல் அதன்மேல் விழக்கூடாது.

யாரிடம் சொல்வது? நிலம் போய்விடுமா?

கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தெரிவிக்கலாம். கிருஷ்ணகிரியில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலும் காட்டி விளக்கம் கேட்கலாம்.

1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு, பங்கும் போய்விடும். பொருளுக்கு உரிமையாளர் எவரும் இல்லை என்று ஆட்சியர் முடிவு செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு நாலில் ஒரு பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர அச்சட்டம் வழி செய்கிறது. சொந்த நிலத்தில் தானே கண்டெடுத்தவருக்கு இரண்டு பங்கும் உண்டு. கூலிக்கு வந்த ஆள் கண்டெடுத்தால் அவருக்கும் உரிமை உண்டு என்பதை மறக்கக்கூடாது.

‘சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்’ என்ற பயமே பலரை வாய் மூட வைக்கிறது. பொருள் கிடைத்ததைத் தெரிவித்ததாலேயே பட்டா மாறிவிடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமானால் அரசு முறைப்படி அறிவிப்பு வெளியிடவேண்டும். ஆட்சேபணை சொல்லவும் அவகாசம் உண்டு. கீழடியில் 2015-ல் தொடங்கிய அகழாய்வு தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர்களின் சம்மதத்தோடு நடந்தது. குழிகள் பல, ஆய்வு முடிந்தபின் மூடப்பட்டன.

ஒரு கிலோ பழைய இரும்பின் விலை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இன்ன சர்வே எண்ணில், இன்ன ஆழத்தில், இன்ன பானையோடு கிடைத்த இரும்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும். அதைச் சொல்லக்கூடியவர் அந்தக் குழியை வெட்டிய விவசாயி ஒருவரே. ஆகவே இந்தக் கோடையில் மாங்குழி எடுப்பவர்கள் மண்வெட்டியோடு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்வது நல்லது.