உலாவிக்குள் குடிபுகுந்த பைத்தான்

வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள் யாவும் பொதுவாக அறிந்த நிரல்மொழி நெடுங்காலம் ஒன்றேயாகும். 1995-ம் ஆண்டில் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் அது. 1991-ல் வெளிவந்த பைத்தானோ, கணக்கிலும் புள்ளிவிவரத்திலும் வல்லதாயினும், அவ்வீட்டினுள் புக வழியின்றி வாசலிலேயே நின்றது.

நம் பிள்ளைகளில் சி.பி.எஸ்.இ. மேல்வகுப்பில் கணினிப் பாடம் எடுத்தோர் பயில்வது இந்தப் பைத்தானையே. அதனைப் பழைய கணிப்பொறியில் நிறுவப் படும் பாட்டைப் பெற்றோர் அறிவர். அலுவலகக் கணிப்பொறியிலோ எதையும் நிறுவ அனுமதியே கிடைப்பதில்லை.

மோசில்லா ஸ்தாபனத்தில் 2018-ல் தொடங்கப்பெற்ற பையோடைடு இத்தடையை நீக்கிற்று. பைத்தானை இயக்கும் மூல நிரலையே, உலாவி நேரே ஏற்கவல்ல வெப்அசெம்பிளி வடிவிற்கு மாற்றிவிட்டார்கள். நம்பை, பாண்டாஸ் முதலிய கணித நூலகங்களும் உடன் வந்து சேர்ந்தன. 2021 முதல் இது தனி முயற்சியாக நடைபெற்று வருகிறது.

நம்மைக் கவர்ந்தது வேறொன்று. புதிதாக வந்த பைத்தான், முன்னரே குடியிருந்த ஜாவாஸ்கிரிப்டை வெளியேறச் சொல்லவில்லை. கணக்கைத் தான் போட்டுவிட்டு, தேசப்படம் காட்ட லீஃப்லெட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தையே அழைத்துக்கொள்கிறது. உள்ளதை மீண்டும் எழுதும் பிரயாசை இல்லை.

இரண்டும் சரக்கை மாற்றிக்கொள்ளும் விதம், கூட்ஸ் ஷெட்டை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். எண்களும் எழுத்துத்தொடர்களும் சிறு பார்சல்கள், அப்படியே கைமாறிவிடும். நீண்ட பட்டியல் போன்ற பெருஞ்சரக்கு தன் கிடங்கிலேயே இருக்க, மறுபுறத்திற்கு ரசீது மட்டும் செல்கிறது. ரசீதைக் காட்டிச் சரக்கைப் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் வேலை முடிந்தபின், ஜாவாஸ்கிரிப்ட் தன்னிடமுள்ள ரசீதை ரத்துச் செய்துவிடவேண்டும். இன்றேல் சரக்கு இடத்தை அடைத்துக்கொண்டே கிடக்கும். தாமதத்திற்கு வார்பேஜ் வசூலிக்க அங்கே குமாஸ்தா இல்லை! நினைவகம் நிரம்பிப் பக்கம் நின்றுபோகும்போதுதான் விஷயம் தெரியவரும். பயில்வோர் அலட்சியம் செய்யலாகாத இடம் இதுவே என்போம்.

குறைகளும் உண்டு. முதன்முறை திறக்கையில் பல மெகாபைட் இறங்கவேண்டும். நேரே நிறுவிய பைத்தானின் வேகமும் இதற்கில்லை. எனினும் கணக்கு முழுதும் நம் கணிப்பொறியிலேயே நடக்கிறது. வீட்டு வரவுசெலவை ஏற்றிக் கூட்டிப் பார்த்தாலும், பக்கத்தை எழுதியவர் தனியே ஏற்பாடு செய்திருந்தாலன்றி, அது வெளியே எங்கும் செல்வதில்லை. பையோடைடின் தளத்தில் பயிற்சித் திரை ஒன்று இலவசமாகவே உள்ளது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.