உஹுரு சாசா: பழைய மாணவர்களே ஆவணம்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கிளேவர் பிளேஸ் என்னும் சிறு தெருவில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'உஹுரு சாசா ஷூலே', அமெரிக்கக் கறுப்பின மக்கள் அரசின் கையை எதிர்பாராமல் தாமே நடத்திய பள்ளிகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. சுவாஹிலி மொழியில் அப்பெயர் 'இப்போதே விடுதலை' என்னும் முழக்கத்தைப் பள்ளியோடு சேர்த்துச் சொல்வதாகும். 1968இல் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் வட்டாரத்தில், ஆசிரியர்களை இடம் மாற்றும் அதிகாரம் உள்ளூர் மக்களின் பள்ளிக் குழுவுக்கு உண்டா என்ற தகராறில் ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கி நகரப் பள்ளிகளைப் பல வாரங்கள் முடக்கியபோது, குழுவின் பக்கம் நின்றவர்களுள் ஒருவர் லெஸ்லி கேம்ப்பெல். பின்னர் ஜிட்டு வெயூசி எனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர், மாணவர் அமைப்பினரோடு சேர்ந்து 1969இல் நிறுவிய 'தி ஈஸ்ட்' பண்பாட்டு மையத்திலிருந்தே இப்பள்ளி கிளைத்தது.

இப்பள்ளி பின்பற்றிய ஆப்பிரிக்க மையக் கல்வி என்பது, கறுப்பினக் குழந்தையின் வரலாற்றை அடிமை வணிகத்துக்கு மிக முன்பிருந்த ஆப்பிரிக்க நாகரிகங்களிலிருந்து தொடங்கி, எல்லாப் பாடங்களையும் அக்குழந்தையின் சொந்தப் பண்பாட்டில் நின்று கற்பிக்கும் முறை. மௌலானா கரெங்கா 1960களில் வகுத்த 'ங்குசோ சாபா' எனும் ஏழு நெறிகள் அதற்கு அடித்தளமாயின. ஒற்றுமை, தன்னுரிமை, கூட்டுறவுப் பொருளாதாரம் ஆகியவை அவற்றுட் சில. கூட்டுறவு நெறியை ஈஸ்ட் அன்றாட நடைமுறையாகவே ஆக்கியது: புத்தகக் கடையும், உணவுப்பொருள் கூட்டுறவுக் கடையும், 'பிளாக் நியூஸ்' இதழும், வார இறுதி ஜாஸ் கச்சேரிகளும் அங்கு நடந்தன, அவற்றின் வருவாய் பள்ளிக்கும் துணைநின்றது.

பள்ளி 1980களின் நடுவில் மூடப்பட்டது. அரசுப் பள்ளி மூடினால் அதன் பதிவேடுகள் கல்வித்துறை அலுவலகத்தில் எஞ்சும். தன்னந்தனியாக நின்ற பள்ளியின் தாள்களோ ஆசிரியர், பெற்றோர் வீடுகளில் சிதறிக் கிடக்கும். ஆகவே அங்கு படித்தவர்களே ஆவணக் காப்பகமாகின்றனர். 1970இல் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்; ஜிட்டு வெயூசி 2013இலேயே மறைந்துவிட்டார். குவாசி கொனாடு எழுதிய ஈஸ்டின் வரலாற்று நூலும், 2022இல் வந்த 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' ஆவணப்படமும் மதிக்கத்தக்க முயற்சிகள். எனினும் ஒரு பள்ளியின் முழு நினைவு இரண்டு படைப்புகளில் அடங்கிவிடாது.

நிறுவனர்கள் தாம் கற்பிக்க விரும்பியதைச் சொல்வர்; மாணவர் மனத்தில் அதில் எது தங்கியது என்பதை மாணவர்தாம் சொல்ல இயலும். அந்தச் சாட்சியத்தில் பெருமையோடு கசப்பும் இடம்பெற வேண்டும். ஈஸ்ட் போன்ற அக்காலக் கறுப்பினப் பண்பாட்டுத் தேசியவாத அமைப்புகளில் பெண்களுக்குத் தரப்பட்ட இடம் குறித்து எழுந்த விமர்சனங்களை விலக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு வெறும் பாராட்டுரையாகவே முடியும்.

பள்ளிக்கு நிதி திரட்ட 1971இல் நடந்த தெருவிழாவே வளர்ந்து, சர்வதேச ஆப்பிரிக்கக் கலை விழா என்ற பெயரில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. பழைய மாணவரும் அவர்தம் பிள்ளைகளும் கூடக்கூடிய அத்தகைய இடங்களிலேயே, பட்டமளிப்புப் புகைப்படங்களைப் பரப்பி, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் பென்சிலால் குறித்து, குரலைப் பதிவுசெய்யும் பணியைத் தொடங்கலாம். நினைவுக்கல் நடும் திட்டங்கள் பிறகு வரட்டும். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இப்பணி முடிந்தாக வேண்டும்.