லிஃப்ட் குலுங்காமல் நிற்பது எப்படி?

கயிற்றில் ஓடும் லிஃப்ட் ஆளில்லாமல் நிற்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால், அது கீழே விழாது, மேலே ஏறும். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடைதான் காரணம். கூண்டின் எடையோடு, அது சுமக்கும் பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து அதை அமைக்கிறார்கள். ஆட்கள் குறைந்தால் கூண்டு மேலே இழுபடும், கூடினால் கீழே. பாரம் எப்படி மாறினாலும் தளத்துக்குச் சமமாகக் கூண்டை நிறுத்துவது மோட்டாரை இயக்கும் டிரைவின் வேலை.

டிரைவின் கட்டுப்பாடு மூன்று அடுக்கு. வெளி அடுக்கு, இன்னும் போகவேண்டிய தூரத்தைப் பார்த்து வேகத்தைத் தீர்மானிக்கிறது. நடு அடுக்கு, என்கோடர் காட்டும் வேகத்தை அதோடு ஒப்பிட்டு, தேவையான முறுக்குவிசையைக் கணக்கிடுகிறது. உள் அடுக்கு, அந்த விசைக்கேற்ற மின்னோட்டத்தைச் சுருள்களில் செலுத்துகிறது. உள் அடுக்கு, தனக்கு வெளியே உள்ளதைவிட ஐந்து முதல் பத்து மடங்கு விரைவாக இயங்கும்படி அமைப்பது வழக்கம். டியூனிங்கும் உள்ளிருந்தே தொடங்கும்.

ஏசி மோட்டாரில் இந்த உள் அடுக்குதான் நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. மூன்று சுருள்களிலும் மின்னோட்டம் ஓயாமல் ஏறி இறங்கும். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் ஹாஸே, பிளாஷ்கே இருவரும் இதற்கு வழி கண்டார்கள். காந்தப்புலத்தோடு சேர்ந்து சுழலும் அச்சுகளில் அளந்தால், அதே மின்னோட்டம் இரண்டு நிலையான எண்களாகிவிடும். ஒன்று புலத்துக்கு, மற்றது விசைக்கு. டிசி மோட்டாரைப் போல இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம்.

நடு அடுக்கில் வேறொரு சிக்கல். வேகத்தில் ஏற்படும் பிழையைத் தொடர்ந்து கூட்டிவரும் பகுதி அங்கே உண்டு. சிறு பிழையையும் விடாமல் திருத்துவது அதுதான். ஆனால் பிரேக் முழுதும் விடுபடுமுன் ஓடும் கட்டளை வந்துவிட்டால், கூண்டு நகராது, கூட்டல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிரேக் விட்டதும் கூண்டு துள்ளும். ஆகவே பிரேக் திறக்கும்வரை கூட்டலை நிறுத்திவைக்கிறார்கள். கூண்டின் பாரத்தை லோடு செல் மூலம் அளந்து, அதற்கேற்ற விசையை மோட்டாருக்கு முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு. அப்போது பிரேக் திறந்ததும் கூண்டு சறுக்காது.

திருத்தத்தின் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டவும் முடியாது. கயிறு சற்றே நீளும் தன்மை கொண்டது. அவசரத் திருத்தம் அதை அதிர வைக்கும்.

உங்கள் குடியிருப்புக்குப் புது லிஃப்ட் வந்தால், காலியாகவும் பாதிப் பாரத்துடனும் முழுப் பாரத்துடனும் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மூன்று முறையும் துள்ளாமல் கிளம்பி, தளத்துக்குச் சமமாக நிற்கவேண்டும். இல்லையென்றால் டிரைவை மறுபடி டியூன் செய்யச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.